மாலை நான்கு முதல் ஒன்பது வரை உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது? ஹைட்ரோ (மின்சார) பில் கேள்வி – பதில்

2025 நவம்பர் முதலாம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மின்சார விலை ஏறிய பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எந்தக் கட்டண முறைக்கு மாறுவது? ஆகவே இந்த இதழில் மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் கணக்காளர் அல்ல. வீடுகளுக்கு வயர் இழுக்கிற, பனல் மாற்றுகிற, கார் சார்ஜர் பூட்டுகிற எலக்ட்ரீஷன். எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எத்தனை மணிக்கு இழுக்கும் என்பதுதான் என் தொழில். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பதில் சொல்கிறேன்.

முதலில் விலைகளை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். யூனிட் என்று நான் சொல்வது ஒரு கிலோவாற் மணி.

நீங்கள் எதையும் தெரிவு செய்யாமல் இருந்தால் உங்களிடம் இருப்பது நேரக் கட்டணம், அதாவது ரைம் ஒவ் யூஸ். வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறிலும் அரச விடுமுறைகளிலும் நாள் முழுவதும் யூனிட் 9.8 சதம். குளிர்காலத்தில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் 20.3 சதம், நடுவில் 11 முதல் 5 வரை 15.7 சதம். மே முதல் ஒக்டோபர் வரை இது மாறி விழும். ஊர் முழுக்க ஏசி ஓடுகிற நடுப்பகல் 20.3, காலையும் மாலையும் 15.7.

இரண்டாவது படிக் கட்டணம். இதில் மணிக்கூட்டுக்கு வேலை இல்லை. குளிர்காலத்தில் மாதம் முதல் 1,000 யூனிட்டும் கோடையில் முதல் 600 யூனிட்டும் 12 சதம். அதற்கு மேலே போவது 14.2 சதம்.

மூன்றாவது, 2023 மே மாதம் அறிமுகமான அல்ரா லோ ஓவர்நைற். ஒவ்வொரு நாளும் இரவு 11 முதல் காலை 7 வரை வெறும் 3.9 சதம். சனி ஞாயிறு பகலில் 9.8. வார நாளில் காலை 7 முதல் மாலை 4 வரையும், இரவு 9 முதல் 11 வரையும் 15.7. வார நாள் மாலை 4 முதல் 9 வரை 39.1 சதம்.

உங்களுக்குக் கரண்ட் தருகிற நிறுவனம் ரொறன்ரோ ஹைட்ரோ என்றாலும் அலெக்ட்ரா என்றாலும் விலை இதுதான். அதை நிர்ணயிப்பது மாகாணத்தின் மின்சாரக் கட்டுப்பாட்டுச் சபையான ஒன்ராறியோ எனர்ஜி போர்ட். இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், மகள், என் மாமா மாமி. மாமியும் மாமாவும் பகல் முழுக்க வீட்டில்தான். சூடாக்குவது காஸ் ஃபேர்னஸ், அடுப்பும் ட்ரையரும் கரண்ட். மின்சாரக் கார் இல்லை. மாதம் 700 யூனிட் அளவில் போகிறது. "அம்மா, 3.9 சதத்துக்குக் குடுக்கிறாங்கள், நாங்கள் ஏன் இன்னும் 20 சதம் கட்டிக்கொண்டிருக்கிறம்?" என்று மகள் கேட்கிறாள். மாறலாமா? ஜனவரி மாதத்து மணிவாரி விபரத்தை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஸ்காபுறோ

பதில்: அக்கா, மணிவாரி விபரத்தை எடுத்து அனுப்பினதுக்கு முதலில் நன்றி. அது கையில் இல்லாமல் எந்தப் பிளான் நல்லது என்று யாராவது சொன்னால் அது ஊகம்தான்.

நீங்கள் அனுப்பியதைக் கூட்டிப் பார்த்தேன். 700 யூனிட்டில் இரவு 11க்கும் காலை 7க்கும் இடையில் போனது 140 மட்டும். சனி ஞாயிறு பகலில் 154. வார நாள் மாலை 4 முதல் 9 வரை 175. மிச்சம் 231 மற்ற நேரங்களில். மகள் சொல்லும் பிளானில் இதைப் போட்டால், அந்த 140 யூனிட்டுக்கு ஐந்தரை டொலரும் வராது. அது உண்மை. ஆனால் மாலை 175 யூனிட்டுக்கு மட்டும் 68 டொலர். எல்லாம் கூட்டினால் 125 டொலர். இப்போது இருக்கிற நேரக் கட்டணத்தில் இதே பாவனைக்கு ஏறக்குறைய 92 டொலர்தான். மகளின் யோசனை நல்ல மனதோடு வந்தது, ஆனால் உங்கள் வீட்டுக்கு அது மாதம் 33 டொலர் நட்டம்.

இனி ஒருவரும் கவனிக்காத படிக் கட்டணத்துக்கு வருகிறேன். 700 யூனிட்டை 12 சதத்தால் பெருக்குங்கள்: 84 டொலர். குளிர்காலத்தில் 1,000 யூனிட் தாண்டாத வீடு, அதுவும் பகலில் ஆட்கள் இருக்கிற வீடு என்றால், மூன்றிலும் மலிவு இதுதான். காரணம் இலகு. ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம். நேரக் கட்டணத்தில் அதில் 108 மணித்தியாலம் மலிவு நேரம், கிட்டத்தட்ட 64 வீதம். ஆனால் படிக் கட்டணத்தை வெல்ல வேண்டுமானால் உங்கள் பாவனையில் ஏறக்குறைய 73 வீதம் அந்த மலிவு நேரத்தில் விழ வேண்டும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய், வீட்டைப் பூட்டிவிட்டு இரவு ஏழுக்கு வருகிற குடும்பத்துக்கு அது முடியும். காலை எட்டுக்கு மாமாவுக்குத் தேத்தண்ணி, பத்துக்கு மாமி சோறு வடிக்க வேண்டும், பகல் முழுக்க ரிவி ஓட வேண்டும் என்கிற வீட்டில் முடியாது. உங்களுக்கு அது 60 வீதத்தில் நிற்கிறது.

கோடையில் ஏசி ஓடி 1,000 யூனிட்டுக்குப் போனால் இரண்டும் சமமாகிவிடும், படிக் கட்டணத்தில் 129, நேரக் கட்டணத்தில் 131. ஆகவே வருடம் முழுக்கப் படியிலேயே இருந்துவிடலாம். வருடத்துக்கு இரண்டு தடவை மாறி மாறி அலைய வேண்டாம்.

படிக் கட்டணத்தைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேலைக்குப் போகிற வீடுகளில் நான் அடிக்கடி காண்பது, தேர்மோஸ்ரற்றுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கடதாசித் துண்டு: "7 மணிக்கு முன் போடக் கூடாது". அதை எழுதினவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். அதற்குக் கீழே நாள் முழுக்க இருப்பது வயதுபோன தாய் தகப்பன். ஏசியைப் போடப் பயந்து ஜூலை மாதத்தில் வியர்த்துக்கொண்டு, ஹீற்றரைப் போடப் பயந்து பெப்ரவரியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருப்பார்கள். படிக் கட்டணத்தில் அந்தப் பயம் தேவையில்லை. பகல் பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரே விலை. உங்கள் மாமா மாமிக்கு அதை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அண்ணை, போன மாதம் மின்சாரக் கார் வாங்கினோம். மாதம் 1,500 கிலோமீற்றர் அளவில் ஓடும். டீலர் "அல்ரா லோவுக்கு மாறுங்கோ, கார் கிட்டத்தட்ட இலவசமா ஓடும்" என்கிறார். நானும் மனைவியும் வேலையால் ஐந்தரைக்கு வந்துவிடுவோம். இரண்டு பிள்ளைகள். கார் இல்லாமல் வீட்டுக்கு 600 யூனிட் போகிறது.
– ஒரு வாசகர், பிரம்ரன்

பதில்: தம்பி, டீலர் காரை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிளான் மாறுவது காருக்கு மட்டும் அல்ல, முழு வீட்டுக்கும்.

காரின் கணக்கு இது. குளிரையும் சேர்த்து 1,500 கிலோமீற்றருக்கு 300 யூனிட் என்று வைப்போம். இப்போதைய மலிவு நேரத்தில் ஏற்றினால் 29 டொலர் 40 சதம். அல்ரா லோவில் 11 டொலர் 70 சதம். ஆக மாதம் ஏறக்குறைய 18 டொலர் மிச்சம். இதுவரை டீலர் சொன்னது சரி.

இனி வீட்டைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விபரத்தில் வார நாள் மாலை 4 முதல் 9 வரை 140 யூனிட் போகிறது. ஐந்தரைக்கு எல்லோரும் வந்தவுடன் அடுப்பு, வொஷிங் மெஷின், ட்ரையர், டிஷ்வொஷர், எல்லாம் ஒன்றாகத் தொடங்குகிறது. அந்த 140 யூனிட் அல்ரா லோவில் 55 டொலர். வீடும் காரும் சேர்த்து அல்ரா லோவில் 115 டொலர், நேரக் கட்டணத்தில் 106. காரில் மிச்சம் பிடித்ததை வீடு சாப்பிட்டு, மேலும் ஒன்பது டொலர் கேட்கிறது.

இதை ஒரே வரியில் ஞாபகம் வைத்திருக்கலாம். நேரக் கட்டணத்தோடு ஒப்பிட்டால், இரவில் காருக்கு ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 5.9 சதம் மிச்சம். மாலை எட்டு மணிக்கு வீட்டில் எரிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 29.3 சதம் நட்டம். அதாவது எட்டு மணிக்கு எரித்த ஒரு யூனிட், இரவில் ஏற்றின ஐந்து யூனிட்டின் மிச்சத்தை முழுதாகக் கொண்டுபோய்விடும்.

ஆனால் உங்கள் வீட்டில் இது திருத்தக் கூடியது, அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். ட்ரையர் ஒரு தடவை ஓட ஏறக்குறைய 3 யூனிட். வார நாளில் மூன்று தடவை போடுவதைச் சனி ஞாயிறு காலைக்குக் கொண்டுபோனால் மாதம் 40 யூனிட் மாலையிலிருந்து கழன்றுவிடும். டிஷ்வொஷரில் டிலே என்று ஒரு பட்டன் இருக்கும். அனேகமாக எல்லா மெஷினிலும் இருக்கிறது, ஆனால் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இரவு சாப்பாடு முடிந்து கோப்பைகளை அடுக்கி, நான்கு மணித்தியாலம் டிலே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், எல்லோரும் படுத்த பிறகு அது 3.9 சதத்தில் ஓடும். அதில் இன்னுமொரு 20 யூனிட். மாலை 140 என்பது 80 ஆகிறது. இப்போது திரும்பக் கூட்டினால் அல்ரா லோவில் 96 டொலர், நேரக் கட்டணத்தில் 105. எட்டு டொலருக்குக் கொஞ்சம் மேலே மிச்சம்.

அந்த எட்டும் முழுதாகக் கைக்கு வராது. பில்லின் அடியில் 13 வீத வரி கூடி, ஒன்ராறியோ எலக்ட்ரிசிற்றி ரிபேற் 23.5 வீதம் கழிகிறது. ஆகவே மேலே ஒரு டொலர் குறைந்தால் கீழே தொண்ணூறு சதம்தான் குறையும். டெலிவரி என்று போடுகிற தொகை எந்தப் பிளானுக்கு மாறினாலும் போவதில்லை.

உங்களுக்கு மாதம் ஏழரை டொலர். பெரிய காசு அல்ல. ஆனால் நீங்கள் 1,500 அல்ல, 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவர் என்றால், அதாவது ஊபர் ஓடுகிற தம்பிமார், வின்சருக்கும் ஒட்டாவாவுக்கும் போய்வருகிறவர்கள், அவர்களுக்கு அந்த மிச்சம் மாதம் 23 டொலருக்கு ஏறும். அவர்கள் யோசிக்கத் தேவையில்லை.

மாறினால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. காரின் திரையிலோ அதன் செயலியிலோ சார்ஜ் தொடங்கும் நேரம் இரவு 11 என்று போட்டு வையுங்கள். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து வயரைச் செருகியவுடன் கார் இழுக்கத் தொடங்கினால், 7 கிலோவாற் சார்ஜரில் ஆறு மணி முதல் ஒன்பது வரை 21 யூனிட். அது 8 டொலர் 21 சதம். அதே 21 யூனிட் பதினொரு மணிக்குப் பிறகு 82 சதம். ஒரு மாலை மறந்தால் மாதத்து மிச்சம் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும்.

சார்ஜர் பூட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். சார்ஜருக்கு 240 வோல்ற்றில் தனி லைன் வேண்டும். வீட்டில் 100 அம்பியர் பனல் என்றால் அடுப்பு, ட்ரையர், ஏசி எல்லாவற்றையும் சேர்த்து லோட் கணக்குப் பார்க்காமல் யாரையும் துளை போட விடாதீர்கள். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கொன்ட்ராக்டரா என்று கேளுங்கள். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அவர் அறிவித்து, வேலை முடிந்தபின் அதற்கான சான்றை உங்கள் கையில் தர வேண்டும். "தெரிஞ்ச பெடியன், அரைவிலைக்குச் செய்வான்" என்பதை இந்த ஒரு வேலையில் தவிருங்கள். பல மணித்தியாலம் தொடர்ந்து முழு லோட்டில் ஓடுகிற வயர் அது, அதுவும் நீங்கள் நித்திரையாக இருக்கும் நேரத்தில்.

கேள்வி: மாலையில் 39 சதம் வாங்குகிறவர்கள் இரவில் 3.9 சதத்துக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்? இதில் ஏதும் சுத்துமாத்து இருக்கிறதா?
– ஒரு மாணவர், மார்க்கம்

பதில்: சுத்துமாத்து இல்லை. இந்த மாகாணத்து மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி பிக்கறிங், டார்லிங்ரன், புரூஸ் அணு நிலையங்களில் இருந்து வருகிறது. அணு உலையை நினைத்த நேரம் குறைத்து, நினைத்த நேரம் கூட்ட இயலாது. இரவு இரண்டு மணிக்கும் அது அதே வேகத்தில்தான் ஓடும். நயாகராவில் தண்ணீரும் இரவென்று நிற்பதில்லை. வாங்க ஆளில்லாத அந்த நேரத்துக் கரண்டைக் காருக்கு ஏற்றுங்கள் என்று விலையைக் குறைத்திருக்கிறார்கள். மாலையில் எல்லா வீடும் ஒன்றாக விழித்துக்கொள்ளும்போது காஸில் ஓடுகிற மின் நிலையங்களைக் கூட்டி ஓட்ட வேண்டி வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் இழுக்காமல் இருப்பதற்குத்தான் 39 சதம். விலை நியாயமானது, ஆனால் அதற்கு ஏற்ற வீடு எல்லோரிடமும் இல்லை.

கேள்வி: ஏழு மணிக்குப் பிறகு சமைத்தால் மிச்சம் என்று என் கணவர் சொல்கிறார். பிள்ளைகள் ஆறு மணிக்கே பசி என்று நிற்கிறார்கள்.
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே சாப்பாடு கொடுங்கள்.

கரண்ட் அடுப்பில் புட்டு அவித்து, ஒரு கறியும் ஒரு பொரியலும் வைத்து முடிக்க 2 யூனிட் அளவில் போகும். நேரக் கட்டணத்தில், குளிர்காலத்தில் அதை ஐந்தரைக்குச் செய்வதற்கும் ஏழரைக்குச் செய்வதற்கும் வித்தியாசம் 21 சதம். மாதம் முழுக்க நாலரை டொலர். கோடையில் அதுவும் இல்லை, பன்னிரண்டு சதம்தான். காஸ் அடுப்பு என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ட்ரையரையும் ஏசியையும் விட்டுவிட்டு அடுப்பில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் கரைச்சல்.

ஆனால் அல்ரா லோவுக்கு மாறுவதாக இருந்தால் இதே சமையல் மாலை நாலுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஒரு நாளைக்கு 78 சதம், மாதம் 17 டொலர். சனி ஞாயிறில் கறிகளைச் சமைத்துப் பெட்டியில் போட்டு வைத்து, வார நாளில் சோறு மட்டும் போடுகிற வீடுகளுக்கு அந்தப் பிளான் பொருந்தும். ஒவ்வொரு நாளும் புதுசாகச் சமைக்கிற வீட்டுக்குப் பொருந்தாது.

விடுமுறை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். நத்தார், புதுவருடம், பெரிய வெள்ளி, கனடா தினம் போன்ற அரச விடுமுறைகளில் நேரக் கட்டணம் நாள் முழுக்க 9.8 சதம். தைப்பொங்கலும் தீபாவளியும் அதில் இல்லை. தைப்பொங்கல் வார நாளில் வந்தால், காலை ஏழுக்குப் பிறகு பொங்குவது 20.3 சதம்தான். அதற்காகப் பொங்கலைத் தள்ளிப் போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பேஸ்மன்ற்றில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஒரே மீற்றர், வாடகைக்குள் கரண்டும் அடக்கம். பகலில் ட்ரையர் போடுகிறார்கள், ஸ்பேஸ் ஹீற்றர் வைத்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் லோன்ட்ரி என்று சட்டம் போட்டால் சரியா? நாங்கள் அல்ரா லோவுக்கு மாற யோசிக்கிறோம்.
– ஒரு வீட்டுக்காரர், ஸ்காபுறோ

பதில்: ஐயா, மாற வேண்டாம். நீங்கள் கட்டுப்படுத்த முடியாத இன்னொரு சமையலறை உங்கள் மீற்றரில் இருக்கும்போது மாலை 39 சதத்துக்குக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. ஸ்பேஸ் ஹீற்றர் ஒன்று 1,500 வாற். மாலை நாலு முதல் ஒன்பது வரை நிற்காமல் ஓடினால் ஏழரை யூனிட். அல்ரா லோவில் ஒரு மாலைக்கு 2 டொலர் 93 சதம், மாதத்தில் 22 வார நாளுக்கு 64 டொலர். நேரக் கட்டணத்தில் குளிர்காலத்தில் அதே ஹீற்றர் 25 டொலர்.

அந்த ஹீற்றரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர்கள் ஏன் அதை வைத்திருக்கிறார்கள்? பேஸ்மன்ற் குளிர்கிறது என்பதால்தான். ரொறன்ரோ நகரத்து விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. கீழே வருகிற வென்ற்களில் எது சாத்தியிருக்கிறது, எதை அலுமாரி மறைத்திருக்கிறது என்று பாருங்கள். ஃபேர்னஸ் ஃபில்ரரை மாற்றுங்கள். யன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். காஸில் வருகிற சூடு கரண்ட் ஹீற்றரை விட உங்களுக்கு மலிவு, அவர்களுக்கும் சுகம். ஹீற்றரை எக்ஸ்ரென்ஷன் வயரில் செருகியிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். கருகிப்போன பிளக்குகளை நான் கழற்றியிருக்கிறேன். சுவர் பிளக்கில் நேரே செருக வேண்டும்.

லோன்ட்ரி விஷயத்தில் நான் உங்களோடு முழுதாக முரண்படுகிறேன். இரவு பதினொரு மணிக்குப் பிறகு ட்ரையர் போட வைப்பது கூடாது. சத்தத்துக்காகச் சொல்லவில்லை. ட்ரையருக்குள் சேர்கிற பஞ்சு இலகுவில் தீப்பிடிக்கும், ஆட்கள் நித்திரையாக இருக்கும்போது அது ஓடக் கூடாது. பேஸ்மன்ற்றில் படுக்கிறவர்களுக்கு வெளியேற வழி ஏற்கெனவே குறைவு. வொஷிங் மெஷினையும் டிஷ்வொஷரையும் இரவில் ஓட விடலாம், ட்ரையரை வேண்டாம். இது மேல்வீட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு தடவையும் ட்ரையரின் பஞ்சு வடியைத் துடையுங்கள். சுவருக்குப் பின்னால் வெளியே போகிற குழாயை வருடத்தில் ஒரு தடவையாவது கழற்றித் துப்புரவாக்குங்கள். அது அடைபடாமல் இருந்தால் உடுப்பும் சீக்கிரம் காயும், யூனிட்டும் குறையும்.

சட்டம் போடாமல் பேசிப் பாருங்கள். "சனி ஞாயிறிலும், வார நாளில் ஏழு மணிக்குப் பிறகும் போட்டால் எனக்குப் பாதி விலை" என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டால் அனேகமானவர்கள் செய்வார்கள். பில்லைக் காட்டி, குறைகிற காசில் ஒரு பங்கை வாடகையில் கழித்தால் கட்டாயம் செய்வார்கள். கரண்டை நிறுத்துவது, பிரேக்கரை இறக்கி வைப்பது போன்ற யோசனைகள் வரவே கூடாது. வாடகைச் சட்டத்தில் அது குற்றம்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வூதியத்தில் இருக்கிறோம். பழைய ரவுன்ஹவுஸ், காஸ் இல்லை, முழுக்க பேஸ்போர்ட் ஹீற்றர். ஜனவரியில் 1,800 யூனிட் வந்தது. எதற்கு மாறினால் குறையும்?
– ஒரு வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: ஐயா, பிளானை மாற்றி உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. படிக் கட்டணத்தில் 1,800 யூனிட் 234 டொலர். இரவுக் குளிரில் ஹீற்றர் கூட ஓடுவதால் உங்கள் பாவனையில் 68 வீதம் மலிவு நேரத்தில் விழுகிறது என்று வைத்தால், நேரக் கட்டணத்தில் 224. பத்து டொலர் வித்தியாசம். இருக்கிற இடத்திலேயே இருங்கள். அல்ரா லோவை நினைக்கவே வேண்டாம். மாலை நாலு முதல் ஒன்பது வரை ஹீற்றரைக் குறைத்துவிட்டு இருவரும் குளிரில் இருந்தால்தான் அது சரிவரும்.

காசு குறைய வேறு வழி இருக்கிறது. ஒன்ராறியோ எலக்ட்ரிசிற்றி சப்போர்ட் புரோகிராம் என்று குறைந்த வருமானக்காரருக்கு மாதாமாதம் பில்லில் கழிக்கிற உதவி உண்டு. வருமானத்தையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் வைத்துத் தொகை வரும். உங்களைப் போல் கரண்டில் சூடாக்குகிற வீடுகளுக்கும், ஒட்சிசன் இயந்திரம் போன்ற மருத்துவக் கருவி ஓடுகிற வீடுகளுக்கும் தொகை கூட. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். கைநீட்டுவதாக நினைத்து நம்மவர்கள் பலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். நீங்கள் வரி கட்டின நாடு இது. பிள்ளைகளிடம் சொல்லி இந்த வாரமே படிவத்தை நிரப்புங்கள்.

கேள்வி: கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, இரவில் மலிவான விலை எடுத்துத் தருகிறேன், பில்லைக் காட்டுங்கள் என்றார். தமிழ்ப் பிள்ளைதான். காட்டலாமா?
– ஒரு வாசகி, ஸ்காபுறோ

பதில்: காட்ட வேண்டாம், அம்மா. பில்லில் உங்கள் கணக்கு இலக்கம் இருக்கிறது. வீட்டு வாசலில் வைத்து மின்சார ஒப்பந்தம் எழுதுவது 2017 ஜனவரி முதல் இந்த மாகாணத்தில் தடை. தனியார் விற்பனையாளரோடு ஒப்பந்தம் எழுதிவிட்டால் நான் மேலே சொன்ன மூன்று கட்டண முறையிலிருந்தும் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள். அவர் சொன்ன விலைக்கு மேலே குளோபல் அட்ஜஸ்ற்மன்ற், அதாவது மின் உற்பத்திச் செலவில் ஒரு பங்கு, என்று பில்லில் தனி வரி ஒன்றும் வரத் தொடங்கும்.

உண்மையான மாற்றத்துக்கு ஒருவரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். உங்கள் ஹைட்ரோ நிறுவனத்தின் இணையத்தளத்தில் தெரிவுப் படிவம் இருக்கிறது, தொலைபேசியில் கேட்டும் எடுக்கலாம். மாறுவதற்குக் காசு இல்லை. அடுத்த பில் காலம் தொடங்கும்போது புது விலை வரும். அதே தளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால் மணிவாரிப் பாவனையும் கிடைக்கும். எனர்ஜி போர்ட்டின் தளத்தில் மூன்று பிளானையும் ஒப்பிட்டுக் காட்டும் கணிப்பானும் இருக்கிறது. கொன்டோவில் இருந்து, தனியார் உபமீற்றர் நிறுவனம் பில் அனுப்புகிறது என்றால், இந்தத் தெரிவு அவர்களிடம் உண்டா என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.

அந்தப் பிள்ளை திரும்ப வந்தால் கதவைத் திறக்காமலே சொல்லி அனுப்பிவிடுங்கள்.